சென்னியம்மாளின் கடைவாய்ப்பற்கள்

புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை நடத்திவந்த சென்னியம்மாளின் கடைவாய்ப்பற்கள் இரண்டில் ஈய நிற உலோகம் அடைக்கப்பட்டிருந்தது. 1973ஆம் ஆண்டு, பல்வலியால் துடித்த அவரை நாமக்கல்லுக்கு அழைத்துச்சென்று அடைக்கவைத்தவர், கணவரின் அண்ணன் மனைவியான சௌந்திரம். அன்றே சௌந்திரமும் தம் சொத்தைப்பல் ஒன்றை அடைத்துக்கொண்டார்.

பின்னர்க் குடும்பம் பிரிந்தது. கிணறு மட்டும் பொதுவில் நின்றது. தமக்குரிய தண்ணீர் முறை முடிந்த பின்னரும் சௌந்திரம் மோட்டாரை நிறுத்தாததால், ஒரு கோடையில் சென்னியம்மாளின் மஞ்சள் வயல் முழுவதும் காய்ந்தது. அதைப் பற்றி உறவினர் வீட்டு விசேஷப் பந்தி ஒன்றில் சென்னியம்மாள் வாயெடுத்தபோது, சௌந்திரம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நான் அடைச்சுவுட்ட பல்ல வெச்சுக்கிட்டு என்னையவே கடிக்க வாரா, பாருங்க!”

பந்தி சிரித்தது. சென்னியம்மாள் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தார். அதன்பின் எங்கே கண்டாலும் சௌந்திரத்தின் கேள்வி ஒன்றே: “ஏஞ்சென்னி, பல்லு நல்லாருக்குதா?”

சில ஆண்டுகளில் சென்னியம்மாளுக்குத் தாடைநோவும் தலைவலியும் தொடங்கின. அந்த அடைப்பில் பாதரசம் இருப்பதாகவும், அது உடம்புக்குக் கேடு என்றும் வார இதழில் படித்ததாகத் தீவனம் கொண்டுவருபவர் ஒருநாள் சொன்னார்.

“வெசத்த வாயிலயே வெச்சுவுட்டிருக்கறா! எடுத்துப்போடோணுமுங்க” என்று சென்னியம்மாள் தம் கணவர் ராசப்பனிடம் கொதித்தார்.

சென்னியம்மாளுக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. வஞ்சிக்கப்பட்டவர்கள் அம்மன் முன்னிலையில் ஒரு காசை வெட்டிப் போடுவது அப்பகுதி வழக்கம். வெட்டிவிட்டால் இரு வீட்டுக்கும் உறவு அற்றுவிடும். தீங்கிழைத்தவரை அம்மனே கேட்பாள். காசுக்குப் பதிலாக, சௌந்திரம் அடைக்கவைத்த அந்த உலோகத்தையே வெட்டுவதென்று அவர் முடிவுசெய்திருந்தார்.

சேலத்தில் பல் மருத்துவராக இருந்த இளம்பெண்ணிடம் அவர் நேராகவே கேட்டார்: “நோண்டியெடுத்து முழுசாக் கையில குடுத்துரு, சாமி. காளியாத்தா முன்னால வெட்டோணும்.”

“முழுசா வராதுங்கம்மா, தூளாத்தான் வரும்” என்றார் மருத்துவர். “அடைப்பு உறுதியா இருக்கு. சும்மா இருக்கறப்ப அதுலேருந்து வர்ற பாதரசம் ரொம்பக் கம்மி. தோண்டுனாத்தான் அதிகமா ஆவியாகும், பல்லும் உடையலாம். உங்க நோவுக்குக் காரணம் வேற. பல்லெல்லாம் தட்டையாத் தேஞ்சிருக்கு. தூக்கத்துல கடிக்கிறீங்களா?”

“கடிக்கறாளாவா?” ராசப்பன் குறுக்கிட்டார். “ஊட்டுக்குள்ள கல்லொடைக்கற மிசினு ஓடுதுங்க!”

“அப்படி யாரைங்க கடிக்கிறாங்க?”

“எங்கண்ணன் சம்சாரத்தைத்தானுங்க.”

சென்னியம்மாள் சிரிக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்து மல்லூரைத் தாண்டும்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். பல் உடைந்தால் சௌந்திரத்துக்கல்லவா கொண்டாட்டம்! அடைப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று தீர்மானித்தார்.

அடுத்த வாரம் மளிகைக்கடை வாசலில் சௌந்திரம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சென்னியம்மாள் பல ஆண்டுகளுக்குப் பின் அவரை அக்கா என்று அழைத்தார்.

“உங்களுக்குத் தெரியாதுங்களாக்கா? அதுல இருக்கறது பாதரசமுங்களாமா. நான் சேலத்துக்கே போயிட்டு வந்துட்டேன்.”

சௌந்திரத்தின் கை தானாகவே கன்னத்துக்குச் சென்றது. “எடுத்துட்டியா?”

“நல்ல டாக்டருங்கக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்னியம்மாள் புளியை நிறுத்து வாங்கிக்கொண்டு நடந்தார்.

சென்னியம்மாள் போன மருத்துவரிடம் போவதற்குச் சௌந்திரத்தின் கௌரவம் இடங்கொடுக்கவில்லை. உடனே எடுத்துத்தருவதாகச் சொன்ன வேறொருவரிடம் போனார். தோண்டியதில் பல் இரண்டாகப் பிளந்தது. வேரைத் தேடியெடுப்பதற்குள் கன்னம் பூசணிக்காயளவு வீங்கிவிட்டது.

செய்தியறிந்த ராசப்பன் திடுக்கிட்டார். “டாக்டரு சொன்னத நீ அண்ணிகிட்டச் சொல்லலியா?”

“அவ அதக் கேக்கலீங்க.”

மறுநாள் நடுப்பகலில், தெருவே பார்க்க, சென்னியம்மாள் கம்பங்கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்.

“மெல்லவே வேண்டாமுங்கக்கா. அப்படியே முழுங்குங்க.”

கூழ் இறங்கும் அளவுக்குத்தான் சௌந்திரத்தால் வாயைத் திறக்க முடிந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை சென்னியம்மாள் எதிரிலேயே அமர்ந்து, மடியிலிருந்த வறுகடலையை ஒவ்வொன்றாக எடுத்து, ஓசை கேட்கும்படி கடித்துத் தின்றார்.