லீ ஆற்றில் ராத்தா கேட்ட கதை

படகின் மேல்தட்டில், கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ராத்தா, என் மூத்த சகோதரி, நின்ற அந்தக் காலை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. மெல்லிய தூறல். கறுப்பு அபாயாவுக்கு மேலே படகுக்காரர்கள் தந்த மஞ்சள் மழைச்சட்டையைப் போட்டிருந்தார். தென்சீனாவில், லீ என்ற ஆற்றின் நடுவில் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் மலை என்றால் தூரத்தில் நீலமாகத் தொடங்கி மெல்ல மெல்ல உயர்ந்து வரும். அங்கே அப்படியில்லை. மட்டமான வயல், வயலில் எருமை, எருமைக்குப் பின்னால் சட்டென்று செங்குத்தாய் ஒரு மலை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் அப்பால் எண்ண முடியாத அளவுக்கு, மூடுபனியில் பாதி மறைந்து நின்றன. “களவெட்டியில சூடு வெச்ச மாதிரி இரிக்கி,” என்றார் ராத்தா. வெட்டு மெஷின் வருவதற்கு முன்பு நிந்தவூர் வயல்களில் அறுத்த கதிரைக் குவித்து வைப்பார்களே, அந்தக் கும்பங்களைத்தான் சொன்னார். அந்த மலைகளை அதைவிடப் பொருத்தமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் ஊர் பார்க்கப் போனவர்கள் அல்லர். கிழக்கிலங்கையில், கல்முனையில் ராத்தாவுக்குப் புடைவைக் கடை இருக்கிறது. பெருநாளுக்கு முன் துணி எடுக்க அவர் சீனா போவது அதுதான் முதல் தடவை. தம்பி என்ற முறையில் கூடப் போனேன். எடுத்த துணியைப் பொதி கட்டிமுடிய இன்னும் மூன்று நாள் ஆகும் என்று குவாங்சோவில் சொல்லிவிட்டார்கள். விடுதிச் சுவரில் இந்த மலைகளின் படம் ஒன்று தொங்கியது. போய்ப் பார்ப்போமா என்று நான்தான் கேட்டேன். வேலையாக வந்த இடத்தில் என்ன சுற்றுலா என்று முதலில் மறுத்தவர், மறுநாள் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு, சரி போவம் என்றார். ரயிலில் மூன்று மணி நேரம். மடியில் பாணும் மாசிச் சம்பலும்.

ராத்தாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய கணவரான மச்சானைப் பற்றியும் சொல்ல வேண்டும். மச்சான் சாய்ந்தமருதில் கடலோடு வளர்ந்தவர். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், இன்னும் இருவருடன் ஆழ்கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் காற்று கிளம்பியது. படகும் வரவில்லை, படகின் ஒரு பலகையும் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து மற்ற இருவரின் மனைவிமாரும் எங்கள் மார்க்க வழக்குகளைத் தீர்க்கும் நீதவானான காதியாரிடம் போனார்கள். கணவன் இறந்து மௌத்தாகிவிட்டதாகத் தீர்ப்பு எடுத்து, விதவைகள் வீட்டோடு இருக்கும் இத்தாவை நான்கு மாதமும் பத்து நாளும் இருந்து எழும்பினார்கள். ராத்தா மறுத்துவிட்டார். உம்மா அழுது கேட்டபோதும், அவருடைய மையித்தை, உடலைக் கண்ணால் காணாமல் நான் எப்படி இத்தா இருப்பது என்ற ஒரே பதில்தான். ஊர் கொஞ்சக் காலம் கதைத்தது, பிறகு விட்டுவிட்டது.

அதற்காக அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. வீட்டில் தையல் தைத்து, பிறகு மருதமுனைச் சாறன்கள் விற்று, பிறகு கடை போட்டார். ஆனால் மச்சானைப் பற்றிக் கதைக்கும்போது, ‘அவருக்கு மாங்காய் போட்ட கறிதான் விருப்பம்’ என்பார். விருப்பமாயிருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மச்சான் போனபோது மூன்று வயதாயிருந்த மகள் இப்போது பதினைந்து வயதுப் பிள்ளை. பாடசாலைப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ராத்தா ‘மீன்பிடி’ என்று எழுதுவார். மகள் பரிசு எடுத்து வந்தால், வாப்பா வந்து பார்க்கட்டும் என்று எடுத்து வைப்பார். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

படகில் வழிகாட்டிப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் ராத்தாவுக்குத் தமிழில் சொன்னேன். இந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததாம். சிப்பியும் சங்கும் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லாகி, கடல் விலகிய பிறகு மழை கரைத்ததில் மிஞ்சியவைதான் இந்த மலைகள். “கடல் இஞ்சயும் இருந்திச்சா?” என்று மட்டும் ராத்தா கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு மலையைக் கைகாட்டினாள். உச்சியில் மனிதன் நிற்பதுபோல் ஒரு பாறை. சரிவில், சற்றுக் கீழே, முதுகில் பிள்ளையுடன் பெண் நிற்பதுபோல் இன்னொன்று. ஒரு படகுக்காரன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இந்த ஆற்றில் வந்தானாம். படகு கல்லில் சிக்கிக்கொண்டது. அரிசியும் முடிந்தது. வேறு படகு வருகிறதா என்று பார்க்க அவன் மலையில் ஏறினான். திரும்பி வரவில்லை. நாள்கணக்காகப் பார்த்திருந்துவிட்டு, மனைவி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு தேடி ஏறினாள். அவன் மேலே கல்லாகி நின்றான். அவனைப் பார்த்தபடியே, முதுகிலிருந்த பிள்ளையோடு, அவளும் கல்லாகிப் போனாள்.

கதையைப் பாதி சொல்லும்போதே அது எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முழுவதையும் சொல்லிவிட்டேன்.

படகு நகர்ந்தது. அடுத்து ஒரு பெரிய செங்குத்துப் பாறை வந்தது. அதில் மழைநீர் வரைந்த கோடுகளில் ஒன்பது குதிரைகள் இருக்கின்றனவாம், எல்லாவற்றையும் கண்டுபிடிப்பவர் பெரிய அறிவாளியாம். படகிலிருந்த அத்தனை பேரும் கை நீட்டிக் குதிரை எண்ணினார்கள். நானும் மூன்று கண்டேன். ராத்தா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பின்னால், தூறலுக்குள் மறைந்துகொண்டிருந்த அந்த மலையையே பார்த்து நின்றார். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“அவ நிண்டா நிக்கட்டும் தம்பி. அவட விருப்பம். புள்ளய என்னத்துக்கு முதுகுல கட்டிக்கொண்டு போன?”

அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. தேநீர் ஆறியது. ரயிலில்தான், ஊருக்குப் போனதும் மௌத்துத் தீர்ப்புக்குக் காதியாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், நீ கூட வா என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மகளைப் பக்கத்தில் இருத்தினார். நானும் இருந்தேன். சீனாவில் வாங்கிய சட்டையை மடியில் வைத்து மடித்தபடி பிள்ளை காத்திருந்தது.

“வாப்பா இனி வரமாட்டார் மகள்,” என்றார் ராத்தா. “நான்தான் ஒன்னயும் பாத்திருக்க வெச்சிட்டன்.”

பிள்ளை அழும் என்று நினைத்தேன். அது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது. “ஆறாம் ஆண்டு படிக்கக்குள்ளயே எனக்குத் தெரியும் உம்மா. நீங்க தாங்கமாட்டீங்க எண்டுதான் கேக்கல்ல.”

பன்னிரண்டு வருஷத்தில் ராத்தா வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். பிள்ளை அவரை அணைத்தபடி இருந்தது. யார் உம்மா, யார் மகள் என்று சொல்ல முடியாதபடி இருந்தார்கள் இருவரும்.

காதியாரின் தீர்ப்பு வர இரண்டு மாதம் எடுத்தது. வந்த அன்றே ராத்தா வெள்ளை உடுத்து இத்தாவுக்கு இருந்தார். இப்போதும் இத்தாவில்தான் இருக்கிறார். கடையை நான் பார்க்கிறேன். இத்தாவின் முதல் நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு நான் போனபோது, மகள் கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு, ஓதும் கிதாபைக் கையில் வைத்தபடி அறை வாசலில் தயங்கி நின்றது. உயிரோடு இருப்பதாக நினைத்த மனிதருக்கு, மௌத்தானவர்களுக்காக ஓதும் யாசீனை அந்த வீட்டில் இதுவரை யாரும் ஓதியதில்லை.

“இனி வாப்பாவுக்கு யாசீன் ஓதலாந்தானே உம்மா?” என்று கேட்டது.

“ஓம் மகள்,” என்றார் ராத்தா, நகர்ந்து பாயில் அதற்கு இடம் விட்டபடி.