கடலடியில் நாற்பத்தொன்றாம் பலகை

எங்கள் தொழிற்சாலையில் கைப்பேசிகள் பணிநேரம் முழுவதும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். ஆகவே அந்தச் செய்தி, முற்பகல் தேநீர் இடைவேளை வரை எனக்காகக் காத்திருந்தது. "அக்கா காலைல தவறிட்டாங்க" என்று முனீஸ்வரியின் தம்பி எழுதியிருந்தார். ஒரு வாரத்துக்கு முன்பு முனீஸ்வரியே அனுப்பிய குரல்பதிவும் அதே கைப்பேசியில் இருந்தது. "சாந்தியக்கா, வெயிலு முடிஞ்சிருச்சு. தண்ணி தெளிஞ்சு கெடக்கு. இந்தக் காமாலை கொஞ்சம் எறங்கட்டும், ரெண்டு பேருமாப் போயி ஒங்க பலகையப் பாத்துருவோம்." காமாலை இறங்கவில்லை.

வல்லம் வடகால் விடுதியிலும் எங்கள் உற்பத்தி லைனிலும் அவரோடு வாழ்ந்த தோழியரே, அஞ்சலிக் குறிப்பில் இத்தனை உற்சாகம் தகுமா என்று நீங்கள் கேட்கலாம். அவரை நினைத்தால் எனக்கு உற்சாகமே பொங்குகிறது. வேறு விதமாக எழுத இயலவில்லை.

இராமநாதபுரத்துக் கடற்கரையில் மூச்சடக்கிக் கடற்பாசி எடுத்து வளர்ந்தவர் அவர். பின்னர் ஓர் ஆய்வுக் குழுவினரிடம் ஸ்கூபா பயின்று, முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து, அழிந்த பவளத் திட்டுகளில் புதிய பவளம் நடும் பணிக்குச் சென்றார். குடும்பத் தேவை அவரை ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. முதல் வாரத்திலேயே எங்களுக்குள் வாதம். பவளம் ஒருவகைக் கல் என்று நான் உறுதிபடக் கூறினேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நூல்களைத் தேடித் தானே பயின்று, தரப் பரிசோதகராக உயர்ந்தவள் நான். என் கூற்றை எவரும் மறுப்பதில்லை. அவர் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்: "கல்லு இல்லக்கா, உசுரு. கல்லு அது கட்டுற வீடு."

அந்த ஒரு வாக்கியம் எங்களில் பன்னிரண்டு பேரைக் கடலுக்கு இழுத்தது. பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கச் சிமென்ட் பலகைகள் வேண்டும் என்றார். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் லைன் தோழி கஸ்தூரியின் வீட்டுக் கொல்லையில், ஞாயிற்றுக்கிழமைகளில் அறுபது பலகைகள் வார்த்தோம். இராமநாதபுரத்துக்குக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்றில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. அதற்கு முன் அவற்றைப் பரிசோதிக்கும் பொறுப்பை நானே ஏற்றேன்.

பரிசோதித்தேன்! மேடு பள்ளமாக இருந்த இருபத்துமூன்று பலகைகளில் சிவப்பு மையால் பெருக்கல் குறி இட்டு ஒதுக்கினேன். வழுவழுப்பானவற்றைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் லைனிலிருந்து எந்தப் பொருளும் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசாமல் வெளியேறியதில்லை. கஸ்தூரி அவற்றுக்கு முறையாக எண்ணெயும் பூசி முடித்தார். வேலை முடிந்து வந்த முனீஸ்வரி பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"என்னத்தக்கா செஞ்சு வச்சிருக்கீக! கடலுக்குத் தலைக்கு எண்ணெ தேச்சா அனுப்புவாக?"

"எனுக்கு அப்பவே டவுட்டு," என்றார் கஸ்தூரி. "பவுடர் பூசிக்கினு பொண்ணு பாக்கப் போறாப்ல கீதே இன்னாடான்னு!"

"நீங்க ஒதுக்குனதுதான்க்கா பாஸு. பாஸ் பண்ணதெல்லாம் ஒதுக்குங்க," என்றார் முனீஸ்வரி.

பதினாறு ஆண்டுகளில் என் முடிவை ஒருவரும் திருப்பியதில்லை. இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் நான் ஒதுக்கிய நாற்பத்தொன்றாம் எண் பலகையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். "கண்ண மூடுங்க. நீங்க ஒரு சுண்டுவிரலு அளவு உசுரு. அலை வந்து இழுக்குது. எங்கன பிடிப்பீக?" என்று என் கையை அதன்மேல் வைத்தார். என் விரல்கள் அந்தச் சொரசொரப்பில் தாமாகவே பற்றிக்கொண்டன. நான் தோற்றேன். எண்ணெய் பூசிய பலகைகளை உடைத்துப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே கரடுமுரடாகப் புதியவற்றை வார்த்தோம்.

பொங்கல் கழிந்து, தாம்பரம் பக்கத்து நீச்சல் குளம் ஒன்றில் பல ஞாயிறுகள் பயிற்சி பெற்ற பின், உரிய அனுமதியோடு அந்த ஆய்வுக் குழுவினரின் படகில் சென்றோம். அந்த முதல் இறக்கத்தை எந்தச் சொல்லால் எழுதுவேன்! நீரழுத்தத்தில் அடைத்த காது, மூக்கைப் பிடித்து ஊதியதும் திறந்துகொள்ள, என் மூச்சே குமிழிகளாக மேலேறிச் செல்ல, மஞ்சள் வரி மீன்கள் என் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தன. ஐம்பதை நெருங்கும் நான், பறந்துகொண்டிருந்தேன்! முனீஸ்வரி நாற்பத்தொன்றாம் பலகையில் மான்கொம்பு போன்ற ஐந்து பவளத் துண்டுகளைக் கட்டி முடித்தார். நீருக்கடியில் எழுதும் சிறு பலகையை அவரிடமிருந்து பிடுங்கி, பென்சிலால் 'பாஸ்' என்று எழுதினேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். அடியிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்துத் தேய்த்து அதை அழித்தார். 'வெயில் முடியட்டும்' என்று எழுதிக் காட்டினார்.

கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் நிறமிழந்து வெளிறும். சூடு நீடித்தால் மடியும். நட்டவற்றுக்கு ஒரு கோடையே தேர்வு. அந்தக் கோடையில் ஒரகடத்துத் தார்ச்சாலை கொதித்தபோதெல்லாம் எனக்கு அந்த ஐந்து துண்டுகளின் நினைவுதான். முனீஸ்வரி தினமும் கேட்பார்: "வேர்க்குதாக்கா? அங்கயும் வேர்க்கும்." விடுப்பில் ஊருக்குப் போனவர் நோயில் படுத்தார். பார்க்காமலே போய்விட்டார்.

ஆயுத பூஜை விடுமுறையில் நானும் கஸ்தூரியும் சென்றோம். "பயமா கீதுக்கா. வெள்ளையா ஆயிருந்தா இன்னா பண்றது?" என்றார் கஸ்தூரி, படகில். நான் முகமூடியை இழுத்து மாட்டினேன். முனீஸ்வரியின் தம்பி கொடுத்த அவருடைய எழுதுபலகை என் இடுப்பில் தொங்கியது. இறங்கினேன்.

என் சிவப்புக் குறி பாதி மறைந்திருந்தது. அதை மறைத்தது பவளம்! ஐந்தில் ஒன்று வெளிறி மடிந்திருந்தது. மற்ற நான்கும் கட்டிய கயிற்றை விழுங்கி, அந்தச் சொரசொரப்பில் அடி பரப்பி, இளம்பழுப்பு நிறத்தில் புதுக்கிளை விட்டிருந்தன. ஒரு கிளையின் இடுக்கில், கஸ்தூரியின் நகத்தளவு மீன் ஒன்று குடியேறியிருந்தது. முகமூடிக்குள் நான் கத்தியது கஸ்தூரிக்கே கேட்டதாம்.

எழுதுபலகையை எடுத்து 'நான்கு பாஸ்' என்று எழுதினேன். பிறகு, பழக்கத்தால், அதை வலப்பக்கம் நீட்டிக் காத்திருந்தேன். மணல் எடுத்த விரல் ஒன்றும் வரவில்லை.

அவரிடமிருந்து நான் பெற்றவற்றில் இரண்டை வைத்துக்கொள்கிறேன். எந்தப் பொருளுக்கும் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு முறை கண்ணை மூடி, கையால் பார்க்கிறேன். லைனில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இன்னொன்று அந்த எழுதுபலகை. என் மேசையில் இருக்கிறது. எழுத்து அப்படியே இருக்கிறது. அதை அழிக்க உரிமையுள்ளவர் ஒருவர்தான்.