நின்றதற்குக் காரணம்

கப்பலூரில் நான் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் ஒரு கேபிளை மாற்ற எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மாற்றுகிற வேலை அரை நாள்தான். மிச்சமெல்லாம் மேனேஜரிடம் மாரடித்தது.

பாய்லரையும் அதைச் சுற்றியுள்ள சென்சார்களையும் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் நான். எங்கள் பாய்லர் எரிவாயுவில் ஓடுகிறது. அதன் நீராவியில்தான் அச்சில் இருக்கும் ரப்பர் வேகும். பாய்லரை ஓட்டுவதற்குக் கன்ட்ரோல் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதோடு சேராமல், ஆபத்து வந்தால் நிறுத்துவதற்கென்றே தனியாக ஒரு பாதுகாப்புப் பெட்டி. தண்ணீர் குறைந்தாலோ, தீ அணைந்தாலோ, வாயு கசிந்தாலோ அது யாரையும் கேட்காமல் நிறுத்திவிடும். நல்லதுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த பழைய ஒயர் 'நிறுத்திவிட்டேன்' என்ற ஒரு சேதியை மட்டும்தான் கொண்டுவரும். ஏன் என்று சொல்லாது. மறுபடி ஓட்டப் பட்டனை அழுத்தினால் காரணத்தைக் காட்டிப் பெட்டியில் எரிந்த விளக்கும் நான் போவதற்குள் அணைந்துவிடும். ஊமை கண்ட கனவுதான்.

மாதத்துக்கு இரண்டு முறையாவது பாய்லர் நின்றது. நின்றால் அச்சில் இருப்பதெல்லாம் அரைவேக்காடாகி வீணாகப் போகும். பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் மேனேஜர் திருப்பி அனுப்புவார். நான் போய்ப் பார்க்கும்போது தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். பாய்லர் நின்றால் பம்பும் நிற்கும், மட்டம் இறங்கத்தான் செய்யும். இது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினேன். எதையாவது எழுதித் தொலைக்க வேண்டியிருந்தது.

அந்த ஆபரேட்டர் எழுமலைக்காரர், எனக்கு அண்ணன் வயது. நான் எழுதியதை வைத்தே அவருக்கு இரண்டு மெமோ போயிருந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"தண்ணி சரியாத்தான் மேடம் இருந்துச்சு. கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்பார் ஒவ்வொரு முறையும்.

"எல்லாரும் இதத்தாண்ணே சொல்றாங்க" என்பேன். இந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

புது இணைப்பு போட்டால் எந்த சென்சார், எத்தனை மணிக்கு நிறுத்தியது என்பது திரையிலேயே வந்துவிடும். இதை மேனேஜரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"ஏம்மா, ஓடுற வண்டிய நிப்பாட்டி டயர மாத்தச் சொல்ற?"

"வண்டி நின்னு நின்னுதான சார் ஓடுது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "புதுசு போட்டா என் போன்ல இருந்தே அந்தப் பெட்டிய ஆஃப் பண்ணலாமா?" என்றார். பெட்டி சொல்லும், கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். பெட்டிக்கு யாரும் உத்தரவு போட முடியாது, போடவும் கூடாது என்று விளக்கினேன். "அப்புறம் எதுக்கும்மா இம்புட்டுப் பாடு?" என்றார். எனக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் பெரிய ஆர்டர் ஒன்று பாழானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை விட்டுக்கொடுத்தார். புது கேபிளை இழுத்து, ஒவ்வொரு சென்சாராகச் சோதித்து, திரையில் சரியான பெயர் வருகிறதா என்று பார்த்து முடிக்கையில் மதியம் ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் பாய்லர் நின்றது.

எனக்கு முன்னாடியே மேனேஜர் வந்துவிட்டார். "ஒன் புது ஒயரோட லட்சணத்தப் பாத்தியா? இல்ல, இவன்தான் மறுபடி தூங்கிட்டானா? மூணாவது மெமோவ அடிக்கச் சொல்றேன்." ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நான் திரையைப் பார்த்தேன். நின்ற நொடியில் தண்ணீர் சரி. தீ சரி. அழுத்தமும் சரி. வாயுக் கசிவு, குழாய்ப் பக்கத்துத் தரையோர சென்சார், பத்து மணி நான்கு நிமிடம்.

ஓடிப் போய்ப் பார்த்தால் கசிவு எதுவும் இல்லை. சுவரில் சாமி படம். படத்துக்கு நேர் கீழே, சென்சாரை ஒட்டி, ஒரு சாம்பிராணிக் கரண்டி. கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. எரிவாயுக் குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி நெருப்பு! அந்தப் புகையும் சென்சாருக்கு வாயு மாதிரித்தான். காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்துச் சில வாரம் தப்பியிருக்கும். வெள்ளிக்கிழமை பூஜை மேனேஜருடையது. வேறு யாரையும் கரண்டியைத் தொட விடமாட்டார்.

பதிவேட்டை எடுத்துத் தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டேன். எல்லாம் வெள்ளிக்கிழமை. அத்தனை தேதியும் என் கையால் எழுதியது. கிழமை என்ன என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

மேனேஜரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்ப வெள்ளிக்கிழமை ஒரு கா மணி நேரம் மட்டும் அந்த சென்சார ஆஃப் பண்ணி வச்சிரலாம்ல?" என்றார்.

"சார், கேஸ் குழாய்கிட்ட நெருப்பக் கொண்டுபோய் வச்சது நீங்க. நெசமாவே கசிஞ்சிருந்தா, அந்தச் சாமி படத்துக்குப் பக்கத்துல நம்ம எல்லாரு படத்தையும் மாலையோட மாட்டிருப்பாக."

அவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். திரும்பி வந்து, "மூணாவது மெமோ இல்ல. ஆனா பழசு ரெண்டும் நீ எழுதுனத வச்சுக் குடுத்தது. தப்புன்னு நீயே எழுதிக் குடு" என்றார். எழுதினேன். பதிவேட்டில் 'காரணம்' எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அடித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

பாய்லர் ஹவுஸுக்குப் போய் ஆபரேட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் தூங்கலையா மேடம்?"

"இல்லண்ணே."

"படிச்சவுக திரும்பத் திரும்ப எழுதுறீகளேன்னு, எனக்கே தெரியாமக் கண்ணசந்துர்றேன் போலன்னு நெனச்சுட்டேன். ரெண்டு வருசமா மகள பைக்குல பின்னாடி ஏத்துறதில்ல. பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போறா." சொல்லிக்கொண்டே தண்ணீர் மட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இனிமே ஏத்தலாம்ல?"

அதையும் என்னிடம்தான் கேட்டார்.