பெருக்கிய மணல்

கறார் அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷம் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் பெருக்கியவள். அவள் பெருக்கி முடித்த இடத்தில் பெரிய டாக்டரே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார் என்று நர்சுகள் கேலி செய்வார்கள். அந்த வேலை போனபிறகு, கடலாமைக் கூடுகளைக் காவல் காக்கும் வேலையில் சேர்ந்தாள். ஆமையைப் பற்றி அப்போது அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

ஆமை ராத்திரியில் கரையேறிக் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். போன தடம் டிராக்டர் ஓடிய மாதிரி மணலில் கிடக்கும். முட்டைத் திருடர்களுக்கு அது போதும். அவர்கள் வருமுன் தடத்தை அழிக்க வேண்டும். அக்கா விடியும்போதே துடைப்பத்தோடு போய்விடுவாள். முட்டை பொரியச் சுமார் ஐம்பது நாள் ஆகும். அத்தனை நாளும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கூட்டைச் சுற்றி ஒரு தடவை பெருக்கிவிட்டுத்தான் நகர்வாள். முதன்முதலில் குஞ்சுகள் வெளியே வந்து கடலைப் பார்த்து ஓடியபோது அழுதுவிட்டாள். கேட்டவர்களிடம் கண்ணில் தூசி என்று சாதித்தாள்.

இந்த வருஷம் ஒரே வாரத்தில் மூன்று கூடுகள் காலி. தேடி அலைந்த அடையாளமே இல்லை. திருடன் நேராகக் கூட்டிலேயே கை வைத்திருந்தான். இடம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வனத்துறை அதிகாரி நல்ல மனுஷன், முகத்துக்கு நேரே கேட்கவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள யாருன்னு தெரியலன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார்.

அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வேலை போனால் போகட்டும், திருடி என்ற பேரோடா போவது?

ஆறுதல் தேடித் தம்பி வீட்டுக்குப் போனாள். அம்மா போனபிறகு அவள் தூக்கி வளர்த்தவன். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் புலம்பக் கேட்டவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"உன்னை யாருக்கா அவ்ளோ சுத்தமா பெருக்கச் சொன்னது? கரை முழுக்க காக்கா கால், நாய்க் கால், குப்பை. நடுவுல அங்கங்க தொடச்சு வெச்ச மாதிரி இருந்தா, கண்ணு தெரியாதவன்கூட தோண்டுவான்."

காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, தன் கையாலேயே இடத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். அது உறைத்து முடிவதற்குள் இன்னொன்றும் உறைத்தது.

"நீ எப்போடா கடற்கரைப் பக்கம் போன?"

தம்பி ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இனிமே தொட மாட்டேங்கா" என்றான் கடைசியில்.

திங்கட்கிழமை காலை அதிகாரி உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

"எடுத்தது என் தம்பி சார். தெரியாம எடம் காட்டினது நான். ரெண்டு பேரையும் எழுதிக்குங்க."

பெருக்கிய கதையையும் சொன்னாள். அவர் தம்பியின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு நோட்டை மூடினார்.

"என் பேரு சார்?"

"உங்க மேல தப்பில்லம்மா. போய் வேலையப் பாருங்க."

ஒரு வாரமாக அந்த வார்த்தைக்காகத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். கிடைத்தபிறகு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. தம்பி பேருக்குக் கீழே தன் பேரையும் எழுதியிருக்கக் கூடாதா என்றிருந்தது.