சல்லடையில் மின்னிய செதில்

இயந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த வெள்ளைச் சட்டையை மழைக்காலக் காலையில் மாட்டிக்கொள்ளும்போது ஒரு சூடு இறங்கும். பிடரியில் தொடங்கித் தோளெல்லாம் பரவி, சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லும் சூடு. வெளியே மேற்குத் தாம்பரத்தின் எங்கள் சந்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும், மின்சார ரயிலின் ஊதல் ஈரத்தோடு வந்து சேரும், நான் மட்டும் எங்கோ ஒரு வெயிலில் நின்றுகொண்டிருப்பேன்.

அம்மா தெருத்தெருவாக மீன் விற்றாள். கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அப்பா மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்குபவர், அவரும் படிக்காதவர்தான். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலில் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பியவன் நான் என்பதால், அந்தச் சீருடையில் மீன் வாசனை, எங்கள் பேச்சில் "கவிச்சி", வரக்கூடாது என்பது அம்மாவுக்கு ஒரு விரதம் போல. என் துணிக்குத் தனி வாளி, தனி சோப்பு, தனிக் கொடி. பள்ளி விட்டு வந்ததும் வாசலில் கூடை கழுவிக்கொண்டிருப்பவளின் மடியில் நான் போய் விழுவேன். "தள்ளிப் போடா, கவிச்சி ஒட்டிக்கும்" என்று முழங்கையால் நெட்டுவாள். நான் மறுபடியும் விழுவேன்.

வெயில் காலத்தில் கவலையில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லாத் துணியும் வீட்டுக்குள், மீன் கூடைக்கு நேர் மேலேதான் தொங்க வேண்டும். அப்படி ஒரு மழையின்போதுதான், அம்மாவிடம் வாடிக்கையாகச் சங்கரா மீன் வாங்கும் ஒரு டீச்சரம்மா, வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப்போவதால் வீட்டைக் காலி செய்தார். "எடுத்துட்டுப் போங்கம்மா, மழைக்கு ஆகும்" என்று அவர் கொடுத்தது வட்டக் கதவு வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி. மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அது எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது.

துணி துவைக்கும் இயந்திரம் என்றுதான் நினைத்தோம். பிளக் மாட்டுவதற்கு முன்னாலேயே அம்மா சோப்புத் தண்ணீரைக் கரைத்து, வட்டக் கதவைத் திறந்து, ஆசையோடு ஊற்றினாள். தண்ணீர் பின்பக்கமாக வந்து அப்பாவின் பாயை நனைத்தது. பக்கத்துத் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் சேகர் அண்ணன் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாக்கா, குளிப்பாட்டிகினு கீற? தண்ணி வர்றதுக்கும் பைப்பு இல்ல, போறதுக்கும் பைப்பு இல்ல. இது துணி காயவைக்கிற டிரையருக்கா."

பெட்டியின் முதுகில், இரும்பு வளையம் வைத்த பருத்த குழாய் ஒன்று மட்டும் தொங்கியது. நான் அதைத் "தும்பிக்கை" என்றேன். ஈரம் சுண்டி, பவர் பிளக் ஒன்றும் வைத்த பிறகு, தும்பிக்கையை ஜன்னல் வழியே வெளியே விட்டோம். அது ஓடினால் டியூப் லைட் மங்கும், ஃபேன் அயர்ந்துபோகும். ஜன்னலுக்கு வெளியே மழைக்குள் வெள்ளையாக ஆவி எழும்பும். சந்தின் பூனைகளெல்லாம் அந்த ஜன்னலடியில் வந்து கண் செருகி உட்கார்ந்திருக்கும். அதன் முனகலைக் கேட்டபடியே வீட்டுப்பாடம் எழுதுகையில், வீடே ஒரு படகாகி எங்கோ மெதுவாகப் போய்க்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றும்.

அதற்குள் என் துணி மட்டும்தான் போகும். தன் சேலையை அம்மா ஒருநாளும் போட்டதில்லை. வாசனை பெட்டியில் ஏறிவிடுமாம். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கும் அவள் வந்ததில்லை, அப்பாதான் வருவார். ஒருமுறை அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, தன் ஒரே நல்ல சேலையைக் கூட்டத்துக்கு முந்தின நாள் என் சோப்பில், என் வாளியில் துவைத்தாள். அதில் ஒரு துளி வாசனை இருந்தாலும் பள்ளிக்கு வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சேலையைப் பெட்டியில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். உருளை சுற்றியது, சூடு வரவில்லை. சேலை ஈரமாகவே உருண்டுகொண்டிருந்தது.

சாயங்காலம் சேகர் அண்ணன் வந்தார். சுவரில் இடித்து மடங்கியிருந்த தும்பிக்கையை நிமிர்த்தினார். பிறகு கதவின் விளிம்பில், அங்கே ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாத இடத்தில் விரலை விட்டு ஒரு சல்லடையை உருவினார். அதில் சாம்பல் நிறப் பஞ்சு கம்பளி போலத் தடித்துக் கிடந்தது.

"ஒவ்வொரு வாட்டியும் இந்தப் பஞ்ச எடுத்துப் போடணும்க்கா. காத்து போவ வழி இல்லாம சூடு ஏறி, உள்ள ப்யூஸ் பூட்டுச்சு."

"நீ எங்கடா சொன்ன?" என்றாள் அம்மா.

"நான் சொல்லல?" என்று தலையைச் சொறிந்துகொண்டே பஞ்சை விளக்குக்கு நேரே பிடித்தார். அதற்குள் பொடிப் பொடியாக ஏதோ மின்னியது. "இன்னாக்கா, மீனயும் சேத்து காயப் போட்டியா?"

செதில்கள். காய்ந்து, கண்ணாடித் துணுக்குகள் போல.

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "எஞ்சீலைய இன்னிக்கித்தான்டா போட்டேன்" என்றாள். அப்பா மெல்லச் சொன்னார்: "இவன் சட்டைலருந்து வந்துகீது. தெனம் உம் மடியிலதான வந்து விழறான்."

அம்மா என்னைக் கிட்டே இழுத்து, என் காலரை முகர்ந்து பார்த்தாள். "இதோடயாடா இவ்ளோ நாளா கிளாஸ்ல குந்திகினு இருந்த? ஒருத்தரும் மூக்கப் பொத்திக்கிலயா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். உண்மையிலேயே யாரும் சொன்னதில்லை. அவள் நம்பாதவள் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ப்யூஸ் மறுநாள்தான் கிடைக்கும் என்றார் சேகர் அண்ணன். நல்ல சேலை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வரமாட்டாள் என்று நினைத்துத் தூங்கிப்போனேன். காலையில், மீன் விற்கப் போகும் அதே சேலையில், தலைக்கு எண்ணெய் வைத்து, குடையோடு வாசலில் நின்றாள். "வா, நேரமாவுது." வகுப்பில் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் மார்க்கைச் சொல்லி முடித்த மிஸ் அவள் பக்கம் குனிந்து, "எங்க தெருவுக்கும் வருவீங்களா அக்கா? நல்ல வஞ்சிரமே கிடைக்கிறதில்ல" என்றார். அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்த வகுப்பறையில் அவள் சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது.

ப்யூஸ் மாற்றி, இயந்திரம் மறுபடி முனகத் தொடங்கியது. சல்லடையைச் சுத்தம் செய்வது என் வேலையானது. பஞ்சை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன், ஏதாவது ஒன்று மின்னும், அம்மாவிடம் காட்டுவேன். "போடா" என்பாள். ஆனால் அதற்குப் பிறகு, மடியில் வந்து விழுந்த என்னை அவள் முழங்கையால் நெட்டியதில்லை.

அந்தப் பெட்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்தச் சந்தும் இப்போது ஒரு அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம். கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பால்கனியில் புது டிரையர் ஒன்று சத்தமே இல்லாமல் ஓடுகிறது. முட்டி வலியால் கூடையை இறக்கி வைத்துவிட்ட அம்மா, கடைக்காரன் செதில் எடுத்து, கழுவி, பையில் போட்டுக் கொடுக்கும் மீனைக் குறை சொல்லிக்கொண்டே குழம்பு வைக்கிறாள். அவளுடைய சேலையும் என் சட்டையும் இப்போது ஒன்றாகத்தான் காய்கின்றன. ஒவ்வொரு முறையும் சல்லடையை உருவி, பஞ்சை உரித்து, பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறேன். சுத்தமான சாம்பல் நிறம். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், எதுவும் மின்னுவதில்லை.