ஊசி உரசும் சத்தம்

என் சித்தி தையல் மெஷின் மெக்கானிக். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நூற்று எண்பது மெஷின்கள் ஒன்றாக இரைந்துகொண்டிருக்கும்போது, நடுவே நடந்து போகிறவள் சட்டென்று நின்று, “அந்த ஏழாவதை நிறுத்து, ஊசி உரசுது” என்பாள். கழற்றிப் பார்த்தால் உரசியிருக்கும்.

இணையத்தில் தொழில் வகுப்புகள் நடத்தும் நிறுவனம் ஒன்று அவளிடம் பன்னிரண்டு பாடங்கள் கேட்டிருந்தது. படம் அவர்களுடையது, குரல் சித்தியுடையது. மாதிரிப் பாடத்தைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பினாள். ‘இரைச்சல் அதிகம். திங்கட்கிழமை மாலை ஐந்துக்குள் மறுபடி அனுப்புங்கள். இதுவும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்’ என்று பதில் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலைதான் நான் போய் இறங்கினேன். மூன்று வருடம் ஊர் ஊராகத் திரிந்து, ரயில், கடைத்தெரு, மழை என்று கிடைத்த சத்தத்தையெல்லாம் பதிந்து வந்த என் பையில் மூன்று மைக்குகள் இருந்தன. செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தி பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

முதலில் கண்டென்சர் மைக்கை மேசையில் நிறுத்தினோம். அதற்குப் பாம்புக் காது. மின்விசிறி, மாடி வீட்டுக் குழாய், பக்கத்து அறையில் சித்தப்பா செய்தித்தாள் புரட்டுவது என எதையும் விடவில்லை.

“மூச்சாவது விடலாமா?” என்றார் சித்தப்பா.

“மெதுவா விடுங்க,” என்றாள் சித்தி.

அடுத்து டைனமிக் மைக். வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் பேசினால்தான் கேட்கும். அறையைச் சட்டை செய்யாது. ஆனால் அடிநூல் சுற்றும் உருளையைச் சித்தி ‘பாபின்’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் மைக்கில் பட்டாசு வெடித்தது.

“பாபின்னு சொல்லாம தையல் மெஷினைப் பத்தி என்னத்தடி பேசறது?”

மைக்கை அவள் கன்னத்துப் பக்கம் நகர்த்திச் சாய்த்தேன். மூச்சுக் காற்று அதைத் தொடாமல் நேராகப் போனது. குரல் மட்டும் கணீரென்று விழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாடம் முழுவதையும் பதிந்து, எதற்கும் இருக்கட்டுமென்று கணினியில் இரைச்சல் நீக்கியையும் ஒரு ஓட்டு ஓட்டினேன். துடைத்துவிட்ட மாதிரி ஆனது.

சித்தி ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். பாதியில் முகம் மாறியது.

“ரெண்டு மெஷின் ஓட்டினேனே, எங்கடி?”

வீட்டிலிருந்த இரண்டு மெஷின்களில் ஒன்றை இந்தப் பாடத்துக்காகவே, வளைந்த ஊசி போட்டுப் பழுதாக்கி வைத்திருந்தாள். இரண்டின் சத்தமும் இப்போது ஒரே மாதிரி, தூரத்துக் கொசுவைப் போலக் கேட்டது.

“அவங்கதானே இரைச்சல் வேணாம்னாங்க சித்தி.”

“மெஷின் சத்தம் இரைச்சலா? காதால பழுது கண்டுபிடிக்கறதுதாண்டி பாடமே. அதையே தூக்கிக் குப்பையில போட்டுட்டியே.”

மணி மூன்று. மிச்சமிருந்தது சட்டைக் காலரில் குத்துகிற சின்ன மைக். அதை மெஷின் பலகைக்கு அடியில் ஒட்டினேன். அதிர்வில் இடி இடித்தது. பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை வெட்டிச் சித்தி நீட்டினாள். அதில் பொதிந்து ஒட்டினேன்.

நல்ல மெஷின் சர்ரென்று ஓடியது. பழுதானதில் தையலுக்குத் தையல் ஒரு ‘டிக்’. இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் என் காதுக்குள் கேட்டது. ஹெட்போனோடு கட்டில் மேல் ஏறிக் குதித்தேன்.

குரலையும் மெஷினையும் தனித்தனியாகப் பதிந்தோம். அவள் பேசும்போது மெஷின் சத்தத்தைத் தணித்தேன். “இப்ப நான் பேச மாட்டேன், நீங்க கேளுங்க” என்று அவள் நிறுத்திய இடத்தில் ஏற்றினேன். நான்கு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினோம்.

ஐந்தரைக்கு நிறுவனத்துப் பெண் கூப்பிட்டாள்.

“அக்கா, ரெண்டாவது மெஷின்ல ஒரு டிக் டிக் வருதே. எங்க அம்மா மெஷின்லயும் அதேதான். என்ன பண்ணணும்?”

“ஊசியை மாத்தச் சொல்லும்மா. மாத்தியும் வந்தா டைமிங், அதான் ஊசியும் கொக்கியும் சந்திக்கிற நேரம், தப்பியிருக்கு. அது நாலாவது பாடம்.”

“அப்ப நாலாவதை முதல்ல அனுப்பிடுங்க. மத்ததெல்லாம் வாரத்துக்கு ஒண்ணா வரட்டும்.”

போனை வைத்த சித்தி என்னைப் பார்த்தாள்.

“வேலையைக் குடுத்துட்டாங்கதானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் திருப்புளியை எடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினின் டைமிங்கைக் கெடுக்க ஆரம்பித்துவிட்டாள்.