தறிச் சத்தத்தில் ஒரு சொற்பொழிவு

எங்கள் குடும்பத்தில் பதினொன்றாம் வகுப்பு தேறிய முதல் ஆள் நான். அந்தத் திமிரில்தான் பக்கத்து வீட்டுப் பாவாயிக்கு வேலை வாங்கித் தரக் கிளம்பினேன். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வேலை கிடைக்காவிட்டால் காலமெல்லாம் ஆடு மேய்க்க வேண்டியதுதான். குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறை வாசலில், "நீ பேசாம நில்லு, நான் பேசிக்கறேன்" என்றேன். அவளிடம் போய்!

"காது கேக்காத புள்ளைய வெச்சுட்டு நான் என்ன பண்றதுங்க அம்மிணி?" என்று முதலாளி உள்ளே போய்விட்டார்.

விடுவேனா? பின்னாலேயே நுழைந்து, மனப்பாடம் செய்திருந்த சமத்துவச் சொற்பொழிவைத் தொடங்கினேன். தறிகள் அடித்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அங்கே எல்லாரும் கைச்சாடையில்தான் பேசினார்கள். கடைசித் தறிக்காரர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். வரவேற்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன். பாவாயி என்னை விலக்கி, என் காலடியில் இருந்த நூல் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினாள். அவர் ஏதோ சாடை காட்ட, இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முதலாளி என்னை வெளியே கூட்டி வந்தார். "அந்தப் புள்ள நாளைக்கே வரட்டுங்க. உங்களுக்குத்தான் அம்மிணி இங்க வேலை குடுக்க முடியாது."

இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அவளுடைய ஒரு சாடைகூட எனக்குத் தெரியாது. தெரியாமலே அவளுக்காகப் பேசப் போயிருக்கிறேன். அன்று மாலை, 'நூல் கூடையை எடுத்து வா' என்பதற்கான சாடையை அவளிடம் கற்றேன். மூன்று தடவை தப்பு. நாலாவது தடவைதான் தலையசைத்து பாஸ் போட்டாள்.